மாசி, பங்குனியில் மழை உண்டா? பெண்ணையாற்று ஓரம் இன்னும் தண்ணீர் வடியவில்லை

பெண்ணைக்கரை:

வணக்கம். வானிலை பார்ப்பவர்களிடமும் பயிர் வைப்பவர்களிடமும் சேர்த்தே கேட்க வேண்டியிருப்பதால் பொதுப் பகுதியில் போடுகிறேன்.

எங்களுக்குக் கடலூருக்கு வடக்கே, தென்பெண்ணை ஓரம் இரண்டு காணி. 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் சம்பா போனது. டிசம்பர் நடுவில் ஆறு மறுபடி ஏறியபோது வரப்போரம் நின்ற வாழையும் சாய்ந்தது. மேட்டுக் காணி காய்ந்துவிட்டது, ஆனால் வெள்ளம் கொண்டுவந்த மணல் சில இடத்தில் ஒரு சாண் கிடக்கிறது. பள்ளக் காணிதான் தலைவலி. தை முடியப்போகிறது, அங்கே இன்னும் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். பாசி பிடித்துவிட்டது. கொக்குக்கு மட்டும் நல்ல வேட்டை.

அப்பா, "பங்குனி வெயில் வரட்டும், தானாக வற்றும்" என்கிறார். தம்பி ஒரு யூடியூப் சேனலைக் காட்டி, லா நினா (பசிபிக் கடல் இயல்பை விடக் குளிர்வதாம்) வந்துவிட்டது, கோடை முழுக்க மழைதான், பள்ளக் காணியை மறந்துவிடு என்கிறான். யார் சொல்வது சரி? மாசி, பங்குனி, சித்திரை எப்படி இருக்கும்? உளுந்து தெளிக்கலாமா, இல்லை இந்த வருஷம் தரிசுதானா?

மழைமானி:

புதுச்சேரியில் மொட்டை மாடியில் மழைமானி வைத்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும் ஆள் நான். ஆய்வு மையத்துக்காரன் இல்லை. அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழை 2025 ஜனவரி 27-ல் விலகிவிட்டதாக இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்துவிட்டது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்கு இயல்பை விட 33 சதவீதம் அதிகம். அந்தக் கணக்கு அதோடு முடிந்தது. ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம் என்றும் மார்ச் முதல் மே வரை கோடை என்றும் துறை பிரித்து வைத்திருக்கிறது. கோடை முன்னோட்டம் பிப்ரவரி கடைசியில்தான் வரும். அது வருவதற்கு முன்பே "கோடை முழுக்க மழை" என்று தம்பி பார்த்த சேனல் சொல்கிறது என்றால், தலைப்புக்குத்தான் வியூஸ்.

லா நினா வந்தது உண்மை. ஜனவரி 9-ல் அமெரிக்காவின் கடல், வானிலை அமைப்பான நோவா அறிவித்தது. பலவீனமானது, மார்ச்-மே காலத்தில் நடுநிலைக்குத் திரும்ப 60 சதவீத வாய்ப்பு என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது. வீடியோவில் அந்த இரண்டாவது பாதியைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்புறம், லா நினா என்றாலே நமக்கு மழை என்பதும் இல்லை. வடகிழக்குப் பருவமழைக்குப் பொதுவாக அதற்கு நேர்மாறாகப் பசிபிக் சூடாகும் எல் நினோதான் கைகொடுக்கும், லா நினா ஆண்டுகளில் மழை குறையும் என்பதுதான் பழைய புள்ளிவிவரப் பாடம். அந்தப் பாடத்தையும் 2021 அடித்துத் துவைத்துவிட்டது. லா நினா ஆண்டு, ஆனால் ஊரெல்லாம் வெள்ளம். பசிபிக்கில் நடப்பதை வைத்து உங்கள் பள்ளக் காணிக்கு ஜோசியம் சொல்ல முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பருவ முன்னோட்டத்தை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் இடறுகிற இடம் அதுதான். வரைபடத்தில் நம் பகுதி நீலமாக இருந்தால் மழை கொட்டும் என்று அர்த்தமில்லை. இயல்பை விடக் குறைவு, இயல்பு, இயல்பை விட அதிகம் என்று மூன்று தட்டு. எந்தத் தட்டுக்கு வாய்ப்புக் கூடுதல் என்பதைத்தான் நிறம் காட்டுகிறது. நம் கடற்கரையில் பிப்ரவரியும் மார்ச்சும் மழை மிகக் குறைந்த மாதங்கள். இயல்பே கொஞ்சம்தான். அது இரட்டிப்பானாலும் முற்றத்தில் காயப்போட்ட வற்றலைத் தூக்கி உள்ளே வைக்கிற மழைதான், ஆறு ஏறுகிற மழை இல்லை. நவம்பரில் "இயல்பை விட அதிகம்" என்றால் பயப்பட வேண்டும். மாசியில் அதே வார்த்தைக்கு அந்தப் பொருள் கிடையாது.

விதிவிலக்கே இல்லையா என்றால் உண்டு. 2021 ஜனவரியில் அறுப்பு நேரத்தில் பெய்து நெல் வயலிலேயே முளைத்தது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் இலங்கை வழியாக வந்த தாழ்வு மண்டலம் டெல்டாவில் அறுவடையைக் கெடுத்தது. 2022 மார்ச் முதல் வாரத்தில் வங்கக் கடலில் ஆழ்ந்த தாழ்வு மண்டலமே உருவானது, மார்ச்சில் அது அபூர்வம். 2024 ஜனவரி 7, 8-ல் சீர்காழி, சிதம்பரம் பக்கம் 20 செ.மீ.-க்கு மேல் பெய்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த மாதிரி ஒன்றைப் பருவ முன்னோட்டத்தால் பிடிக்க முடியாது. வாரக் கணக்கில் வரும் முன்னறிவிப்புதான் பிடிக்கும்.

என் கணிப்பு: மாசி, பங்குனி மழையில்லாமல் காயும், அதற்கே தயாராகுங்கள். சித்திரை, வைகாசியில் இடிமழை உண்டு. ஒரு ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் தூசி பறக்கும்.

சும்மா படிப்பவன்:

மார்ச் இரண்டாவது வாரம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் பெரிய புயல் என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறதே? தானே புயல் மாதிரி இருக்குமாம். தேதி, நேரம் எல்லாம் போட்டிருக்கிறார்கள்.

மழைமானி:

தேதி, நேரம் போட்டிருப்பதாலேயே பொய் என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு மாதத்துக்கு முன்னால் புயல் எங்கே கரை ஏறும் என்று சொல்லும் ஆற்றல் உலகத்தில் எந்த மையத்துக்கும் கிடையாது. தானே 2011 டிசம்பர் 30-ல் வந்தது, பருவமழைக் காலத்தின் வால். மார்ச்சில் வங்கக் கடலில் புயல் மிக அபூர்வம். தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள். மீனவர் ஊரான தாழங்குடாவில் ஏற்கெனவே படகை மேலே இழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று கேள்வி.

தாழங்குடா:

நாங்கள் ஒன்றும் இழுத்துப் போடவில்லை அண்ணே. வலை பின்னுவதற்காக ஏற்றியிருக்கிறோம். அதைப் போட்டோ எடுத்து எவனோ போட்டுவிட்டான்.

பெண்ணைக்கரை:

நன்றி மழைமானி அண்ணா. அப்படியென்றால் அப்பா சொல்வதுதான் சரி. மழை இல்லை, வெயில் வரும், தானாக வற்றும்.

முன்னாள் லஸ்கர்:

தம்பி, அங்கேதான் நிற்க வேண்டும். மழை வராது என்பதும் தண்ணீர் வடியும் என்பதும் வேறு வேறு சங்கதி.

பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வாய்க்காலும் மதகுமாகவே காலம் போனது. கணுக்காலுக்கு மேல் என்றால் அரை அடி என்று வையுங்கள், 150 மி.மீ. மாசி வெயிலில் ஒரு நாளைக்கு 4, 5 மி.மீ. ஆவியாகும். 5 என்றே வைத்தாலும் முப்பது நாள். அதற்குள் மேட்டுப் பக்கத்திலிருந்து ஊற்று கசிந்துகொண்டே இருக்கும், ஆற்றுப் படுகை மண் அப்படித்தான். பங்குனி பாதியும் போய்விடும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். வெயிலில் வற்றுகிற தண்ணீர் உப்பை எடுத்துக்கொண்டு போகாது. தண்ணீர் மட்டும் போகும், உப்பு உங்கள் நிலத்திலேயே தங்கும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், நின்ற தண்ணீரை வற்றவைத்தால் கடைசியில் வெள்ளை பூத்த களர்தான் மிஞ்சும். மரக்காணத்தில் உப்பளம் நடப்பதும் இதே வித்தைதான், அங்கே வேண்டுமென்று செய்கிறார்கள். வடித்துவிட்டால் உப்பும் சேர்ந்து போகும். காத்திருக்காதீர்கள்.

ஆறு இறங்கி இவ்வளவு காலமாகியும் உங்கள் காணி இறங்கவில்லை என்றால், அது ஆற்று வெள்ளம் இல்லை, அடைபட்ட தண்ணீர். வடிகால் எங்கே போகிறது? நடுவில் சாலை குறுக்கிடுகிறதா?

தாழங்குடா:

பெரியவர் சொல்வதோடு இதையும் பாருங்கள். முகத்துவாரம். வெள்ளம் வந்தபோது ஆறு மணல் திட்டைப் பிய்த்துக்கொண்டு அகலமாகத் திறந்துவிட்டது. இப்போது ஆற்றில் ஓட்டம் குறைந்துபோச்சு, அலை மறுபடி மணலைக் கொண்டுவந்து அடைக்கிறது. தை, மாசியில் கடல் நீரோட்டமும் திசை மாற ஆரம்பிக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்று, மணல் தெற்கே நகரும். அப்புறம் ஆடி வரைக்கும் தெற்கத்திக் காற்று, மணல் வடக்கே. மாறுகிற நேரத்தில் வாய் குறுகும். வாய் குறுகினால் உள்ளே தண்ணீர் தேங்கும், அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே வந்து சரியாகத் திரும்பிப் போகாது. உங்கள் காணி அதில் மாட்டியிருந்தால் வடிகாலை எவ்வளவு வெட்டினாலும் பிரயோஜனமில்லை.

ஜேசிபி வைத்து வாயை வெட்டிவிடுங்கள் என்று விவசாயிகள் கேட்பார்கள். எங்களுக்கும் படகு போக வாய் திறந்திருக்க வேண்டும். ஆனால் ஆற்றில் ஓட்டம் இல்லாத நேரத்தில் வெட்டினால், வெளியே போவதை விட உள்ளே வருகிற கடல்தான் அதிகம். அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

முன்னாள் லஸ்கர்:

தாழங்குடா சொல்வது நியாயம். எது என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. பள்ளக் காணியின் ஆழமான இடத்தில் ஒரு சவுக்குக் குச்சியை நட்டு, தண்ணீர் மட்டத்தில் சிவப்பு நூல் கட்டுங்கள். காலை, மதியம், சாயந்தரம் பாருங்கள். ஏறி இறங்கினால் முகத்துவாரத்தோடு தொடர்பு இருக்கிறது. ஏறாமல் நூல் நூலாக இறங்கினால் வெறும் ஆவிதான், வடிகால் அடைப்பு. காற்று இல்லாத நேரமாகப் பாருங்கள், காற்றடித்தால் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கி ஏமாற்றும்.

விழுப்புரத்தான்:

இங்கே குச்சி நட்டு நூல் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இவ்வளவுக்கும் காரணம் ஆற்றின் மேலே இருக்கிற சாத்தனூர் அணையை நடுராத்திரியில் திறந்துவிட்டதுதானே? டிசம்பர் 2 விடியற்காலை வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி. தூங்கிக்கொண்டிருந்தவன் எங்கே போவான்? என் மாமா வீட்டில் மாடு இரண்டும் கட்டுத்தறியிலேயே போய்விட்டன. அதைப் பேசாமல் லா நினா பேசுகிறீர்கள்.

முன்னாள் லஸ்கர்:

மாடு போனது பெரிய நஷ்டம் தம்பி, அதில் வாதமே இல்லை. ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். சாத்தனூரின் முழுக் கொள்ளளவு 7.3 டிஎம்சி, ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடி. ஒரு நாள் முழுக்க வினாடிக்குச் சுமார் 11,500 கனஅடி ஓடினால் ஒரு டிஎம்சி. 1.68 லட்சம் கனஅடி என்றால் நாளொன்றுக்குப் பதினான்கரை டிஎம்சி. அணை முற்றிலும் காலியாக இருந்திருந்தாலும் அந்த வேகத்தில் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரம்பியிருக்கும். அணைக்கு மேலே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. அது பாம்பாற்றில் இறங்கி, பெண்ணையில் கலந்து, நேராகச் சாத்தனூருக்கு வந்தது. இந்த மாதிரி வெள்ளத்தைத் தடுத்து வைக்கக் கட்டிய அணை இல்லை அது. பாசனத்துக்குக் கட்டியது.

விழுப்புரத்தான்:

பன்னிரண்டு மணி நேரம் என்று நீங்களே சொல்கிறீர்கள் ஐயா. அந்தப் பன்னிரண்டு மணி நேரம் கிடைத்திருந்தால் மாட்டை அவிழ்த்து ஓட்டியிருப்போம். நவம்பர் கடைசியில் அணை ஏறக்குறைய நிரம்பியே இருந்தது. புயல் வருகிறது என்று ஒரு வாரமாக ரேடியோவும் டிவியும் அலறுகிறது. முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து இடம் பண்ணியிருக்கலாமே?

முன்னாள் லஸ்கர்:

அந்தக் கேள்வி நியாயமானது. புயல் கடற்கரைக்குத்தான் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். புதுச்சேரியில் நவம்பர் 30-ல் இருந்து 24 மணி நேரத்தில் 46 செ.மீ.-க்கு மேல். மயிலத்தில் 50-ஐத் தாண்டியது. அதற்கப்புறம் அது உள்நாட்டில் நகர்ந்து ஊத்தங்கரையில் போய்க் கொட்டும் என்று முன்னமே இடம் பண்ணி வைத்திருக்க வேண்டும் என்றால், அணையைத் திறக்கிறவன் கையில் மேல்மடை மழைக் கணிப்பு மணிக்கணக்கில் இருக்க வேண்டும். மழை பொய்த்துவிட்டால், "தண்ணீரைக் கடலில் விட்டுவிட்டான்" என்று நீங்களே வந்து கேட்பீர்கள். என்னையும் கேட்டிருக்கிறார்கள்.

விழுப்புரத்தான்:

கேட்போம்தான். ஆனால் எச்சரிக்கை ஐந்து முறை கொடுத்தோம் என்று சொன்னார்களே, அது ஊருக்கு எப்படி வந்தது? செல்போன் கோபுரமே விழுந்து கிடந்தது. தண்டோராக்காரனையும் அனுப்பவில்லை. கடைசியில் எங்களுக்குத் தெரிந்தது மாடு கத்தியபோதுதான்.

நடத்துநர்:

சாத்தனூர் விவாதத்துக்குத் தனி இழை டிசம்பரிலேயே ஓடியது, பூட்டவும் வேண்டியிருந்தது. இரு தரப்பும் சொல்லியாகிவிட்டது. கட்சிப் பெயர் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கேட்டவருக்குப் பதில் சொல்லுங்கள்.

பாகூர் அக்கா:

நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம், பாகூர். எங்களுக்கும் அதே கதைதான். ஆறு ஒன்றுதான், ஆனால் அந்தக் கரை தமிழ்நாடு, இந்தக் கரை புதுச்சேரி. வெள்ள நிவாரணம் இங்கே ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய் அறிவித்தார்கள், அங்கே 2,000. பயிருக்கு இங்கே ஹெக்டேருக்கு 30,000, அங்கே 17,000. தண்ணீருக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை, எல்லார் வீட்டிலும் ஒரே உயரம்தான் ஏறியது. என் அண்ணன் அந்தக் கரையில் இருக்கிறார், ஆற்றுத் திருவிழாவுக்கு வந்தபோது இதையே சொல்லிச் சொல்லிச் சிறுவள்ளிக் கிழங்கு வாங்கக்கூட மறந்துவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தம்பி, பள்ளக் காணியில் உளுந்து தெளிக்கிற காலம் கடந்துவிட்டது. நெல் தரிசு உளுந்து என்றால் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது தெளிக்க வேண்டும். ஆடுதுறை 3 ரகம் அதற்குத்தான். உங்களிடம் அறுக்க நெல்லே இல்லை, பதமும் இல்லை. சேற்றில் போட்டால் விதை அழுகும். தண்ணீரை வடித்துவிட்டு, மண் வெடிக்கத் தொடங்கும் முன் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு போடுங்கள். அது தண்ணீரையும் தாங்கும், உப்பையும் ஓரளவு தாங்கும். பூக்கிற நேரத்தில் மடக்கி உழுதுவிட்டால் அடுத்த சம்பாவுக்கு மண் திரும்பும். இந்த ஆறு மாதத்துக்குக் காசு வராதுதான். வராத காசுக்கு விதையும் உழவும் செலவு பண்ணி நஷ்டத்தைப் பெரிதாக்க வேண்டாம் என்பேன்.

மல்லாட்டை மைந்தன்:

மேட்டுக் காணி மணலைப் பற்றி யாருமே பேசவில்லையே! எங்கள் பண்ருட்டிப் பக்கம் இந்த மணலுக்கு ஆசைப்படுவோம்.

ஒரு சாணுக்குக் கீழே என்றால் அப்படியே ஆழ உழுது கலந்துவிடுங்கள். களிமண்ணுக்கு அது நல்லதுதான். அதற்கு மேல் என்றால் மேலே இருப்பதை வழித்து வரப்போரம் தள்ளுங்கள். வெளியே ஏற்றி அனுப்ப வேண்டாம். மணல் என்றால் அனுமதி, வழக்கு, லாரி பறிமுதல் என்று இழுத்துவிடும், முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் பேசுங்கள்.

மார்கழிப் பட்டத்து மல்லாட்டை (வேர்க்கடலை) போய்விட்டது. இப்போது எள் போடலாம், மாசிப் பட்டம் எள்ளுக்கு நல்ல பட்டம். விருத்தாசலம், திண்டிவனம் ஆராய்ச்சி நிலைய ரகங்கள் எண்பது, எண்பத்தைந்து நாளில் வந்துவிடும். எள்ளுக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது, மணல் கலந்த மேடு அதற்குப் பொருத்தம். போர் தண்ணீர் நன்றாக இருந்தால் தர்பூசணி, வெள்ளரியும் போகும். வெயில் ஏறுகிற நேரத்தில் சாலையோரத்திலேயே விற்றுவிடலாம்.

மழைமானி அண்ணனுக்கு ஒரு கேள்வி. எள் அறுப்பு வைகாசியில் வரும். கட்டுக் கட்டி நிறுத்திக் காயவைக்கிற நேரத்தில் இடிமழை அடித்தால் காய் கறுத்துப் போகும். அந்த நேரம் எப்படி?

மழைமானி:

இந்தக் கேள்விக்குத்தான் முன்னோட்டம் கொஞ்சமாவது உதவும். மே மாதம் நமக்கு இரண்டு ஆபத்து. ஒன்று வெப்பச்சலன இடிமழை. மதியம் உள்மாவட்டங்களில் திரண்டு, மேற்குக் காற்று தள்ளிக்கொண்டு வந்தால் இரவில் கடற்கரையில் கொட்டும். கடற்காற்று சீக்கிரம் உள்ளே நுழையும் நாளில் நமக்குக் கிடைக்காது, திருக்கோவிலூரோடு நின்றுவிடும். இரண்டாவது, மே மாத வங்கக் கடல் புயல். 2010-ல் லைலா, 2016-ல் ரோனு எல்லாம் மேயில்தான் வந்தன. பெரும்பாலும் ஆந்திரா, ஒடிசா, வங்கதேசம் என்று வடக்கே போய்விடும், ஆனால் போகிற போக்கில் நம்மையும் நனைத்துவிட்டுப் போகும்.

எந்த நாள் என்று இப்போது சொல்ல முடியாது. மாசி முதல் வாரத்துக்குள் விதைத்தால் சித்திரை கடைசியில், கத்திரி வெயில் உச்சத்தில் அறுப்பு வரும். தள்ளத் தள்ள இடிமழைக்குள் போவீர்கள். அறுப்புக்கு முந்தைய வாரம் சென்னை மண்டல வானிலை மையத்தின் முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு அரிவாளை எடுங்கள். படுதா ஒன்று கையில் இருக்கட்டும்.

சும்மா படிப்பவன்:

முந்திரிக்கு எப்படி? எங்கள் மாமனார் தோப்பில் பூ எடுத்திருக்கிறது.

மல்லாட்டை மைந்தன்:

பூ நேரத்தில் மழையை விடப் பனிமூட்டமும் தேயிலைக் கொசு என்கிற பூச்சியும்தான் எதிரி. வானம் வெறித்திருந்தால் நல்லது. தானேவில் விழுந்த தோப்புகள் திரும்பி வரவே பல வருஷம் ஆனது, அதனால் இந்த வருஷம் மரம் நிற்பதே போதும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். தனி இழை போடுங்கள், விரிவாகப் பேசலாம்.

பெண்ணைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. குச்சி நட்டுப் பார்த்தேன். ஏறவே இல்லை. நூலுக்குக் கீழே ஈரக்கோடு மெல்லிசாகத் தெரிகிறது, அவ்வளவுதான் இறங்கியிருக்கிறது. தாழங்குடா அண்ணே, முகத்துவாரம் இல்லை.

வடிகாலைத் தேடிப் போனேன். எங்கள் காணிக்குக் கிழக்கே வண்டிப் பாதைக்கு அடியில் பழைய சிமென்ட் குழாய் ஒன்று. பாதைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிறது, அந்தப் பக்கம் வாய்க்காலில் ஒரு முழம் கீழே இருக்கிறது! நடுவில் குழாய் வாயில் ஆகாயத்தாமரை, வைக்கோல், யாருடையதோ பிளாஸ்டிக் பீப்பாய், அதன் மேல் மணல் இறுகிப் பாறை மாதிரி. வெள்ளத்துக்கு அப்புறம் அந்தப் பாதையை உயர்த்தி மண் கொட்டினார்கள். கொட்டியபோது குழாய் இருப்பதையே பார்க்கவில்லை போல. மனு கொடுத்தேன், ஆள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். அளந்ததோடு சரி.

முன்னாள் லஸ்கர்:

ஒரு முழம் மட்ட வித்தியாசம் இருந்தால் கவலையே வேண்டாம், தண்ணீர் தானாக ஓடும். ஆனால் ஆத்திரத்தில் பாதையை வெட்டிவிடாதீர்கள், வழக்காகும். குழாயைக் கீழ்ப் பக்கத்திலிருந்து சுத்தம் பண்ணுங்கள், மேல் பக்கத்திலிருந்து இல்லை. மேலே இருந்து குத்தி அடைப்புப் பிய்ந்தால் தண்ணீர் ஆளையே உறிஞ்சி இழுக்கும். அரை அடித் தண்ணீர்தானே என்று அலட்சியம் வேண்டாம், குழாய் வாயில் அது அரை அடி இல்லை. நீளமான மூங்கிலில் கொக்கி கட்டி, பக்கவாட்டில் நின்று இழுங்கள். தனியாகப் போக வேண்டாம்.

பாகூர் அக்கா:

அதற்கு முன் கீழ் வயல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் தம்பி. உங்கள் தண்ணீர் அவர் வாய்க்காலில்தான் இறங்கும். அவர் அறுப்புக்குக் காத்திருந்தால் உங்களை விட அவர் பாடு மோசமாகிவிடும்.

பெண்ணைக்கரை:

அக்கா சொன்னது எவ்வளவு சரி! கீழ் வயல்காரர் சித்தப்பா முறை. கேட்டதும் எகிறினார். அவருடைய வயலில் கரும்பு சாய்ந்து கிடக்கிறது, ஆலையின் வெட்டு உத்தரவு இன்னும் வரவில்லை, அதற்குள் தண்ணீர் விட்டால் கரும்பு வேர் விட்டுவிடும் என்றார். கடைசியில், வாய்க்காலின் அவர் பக்கத்துக் கரையை நாங்களே மண் போட்டு உயர்த்தித் தருவது, குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது என்று பேசி முடித்தோம். அப்பாவும் வந்தார். கரை போட்டுவிட்டுக் கொக்கி வைத்து இழுத்தோம். முதலில் பீப்பாய் வந்தது, அப்புறம் கறுப்பாக நாற்றமடித்து ஒரு ஓட்டம், அப்புறம் தெளிந்தது. இப்போது பள்ளக் காணியில் வரப்பு தெரிய ஆரம்பித்திருக்கிறது. சித்தப்பா வந்து வந்து கரையைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போகிறார்.

மேட்டில் எள், பள்ளத்தில் தக்கைப்பூண்டு என்று முடிவு. தம்பி தர்பூசணிக்கு அடம்பிடிக்கிறான். போர் தண்ணீர் கொஞ்சம் கரிக்கிறது என்பதால் யோசனையாக இருக்கிறது.

மல்லாட்டை மைந்தன்:

கரிக்கிறது என்றால் வாயால் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். ஒரு பாட்டிலில் போர் தண்ணீர், பையில் மேட்டு மண், இன்னொரு பையில் பள்ளத்து மண், மூன்றையும் கடலூர் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மண்ணை நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்திக் கொண்டுபோங்கள். மேலே கிடக்கிற வெள்ள மணலைச் சுரண்டிக் கொடுத்தால் ரிசல்ட் தப்பாக வரும். முடிவு வந்ததும் இங்கே போடுங்கள், உப்பு அளவைப் பார்த்துத் தர்பூசணியா இல்லையா என்று சொல்கிறேன்.

மழைமானி:

பிப்ரவரி கடைசியில் துறையின் கோடை முன்னோட்டம் வந்ததும் இதே இழையில் சுருக்கமாகப் போடுகிறேன். அதுவரை வாட்ஸாப் புயலை நம்பி யாரும் எள் விதைப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.

பாகூர் அக்கா:

தக்கைப்பூண்டு விதை என்னிடம் மீதம் இருக்கிறது தம்பி, போன வருஷத்து விதை, முளைப்புப் பார்த்துவிட்டேன். அண்ணன் மாசி மகத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆல்பேட்டையில் வாங்கிக்கொள்ளுங்கள்.